உங்களுக்குத் தெரியுமா? பாஷாண ஊசி முதல் மூன்று மாத்திரை வரை!

ஆப்பிரிக்கத் தூக்க நோய் முற்றியவர் ராத்திரி முழுக்கக் கண்மூடாமல் அலைவார். பட்டப்பகலில் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே சாய்ந்துவிடுவார்! காரணம், ரத்தத்தில் நீந்தும் டிரிப்பனோசோமா என்கிற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. பரப்புவது செட்சி ஈ. இதைக் கொல்ல மனிதர்கள் மருந்து தேடிய கதை இருக்கிறதே... சாயத் தொழிற்சாலை, விஷவாயு, மீசை, கால் நகம் எல்லாம் அதில் வருகின்றன! ஒன்றுகூடக் கட்டுக்கதை இல்லை. வாருங்கள்!

இந்த ஒட்டுண்ணியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு! அதன் மேனியைப் போர்த்தியிருக்கும் புரதங்களோ சுமார் 1 கோடி!

நம் உடம்பு அந்தப் போர்வையை அடையாளம் கண்டு தாக்கத் தொடங்கும்போது, கூட்டத்தில் சில ஒட்டுண்ணிகள் ஏற்கெனவே வேறு போர்வைக்கு மாறியிருக்கும்! அதற்காக அது வைத்திருக்கும் மரபணுக் கையிருப்பு சுமார் 2,000! அதனால்தான் இன்றுவரை இதற்குத் தடுப்பூசி கிடையாது. மருந்து ஒன்றே கதி!

செட்சி ஈ முட்டையிடாது! தாய் ஈ தன் வயிற்றுக்குள்ளேயே ஒரே ஒரு புழுவைப் பால் ஊட்டி வளர்த்து ஈன்றெடுக்கும். பிறக்கும்போது பிள்ளையின் எடை கிட்டத்தட்ட தாயின் எடை!

கொசுவில் பெண் மட்டும்தான் கடிக்கும். செட்சியில் ஆணும் கடிக்கும், பெண்ணும் கடிக்கும்! அதற்கு நீல நிறம் என்றால் கொள்ளை ஆசை. ஆற்றோரமாகப் பூச்சிமருந்து தோய்த்த சின்ன நீலத் துணியைக் கட்டிவைத்தால் போதும், தானே வந்து மாட்டிக்கொள்ளும்!

1900-க்கும் 1920-க்கும் இடையில் உகாண்டாவில் விக்டோரியா ஏரிக்கரையில் மட்டும் இந்த நோய்க்குப் பலியானவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர்!

1902-ல் காம்பியாவில் ஒரு கப்பல் கேப்டனின் ரத்தத்தில் இருந்த ஒட்டுண்ணியை இன்னதென்று அடையாளம் சொன்னவர் ஜோசப் டட்டன். லிவர்பூல்காரர். மூன்றே வருடத்தில், காங்கோவில் உண்ணிக் காய்ச்சலை ஆராயப்போய் அதே காய்ச்சலுக்குப் பலியானார். வயது 30!

பாஷாணம் போட்ட பிள்ளையார் சுழி!

செட்சி கடித்த குதிரைக்கு ஆர்சனிக் கொடுத்துப் பார்த்தவர் யார் தெரியுமா? ஆப்பிரிக்காவையே நடந்து அளந்த டேவிட் லிவிங்ஸ்டன்! 1858-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்கு அதை எழுதி அனுப்பிவிட்டார்! ஆர்சனிக் என்றால் வேறொன்றுமில்லை, நம் வீட்டுப் பாட்டிகள் பெயரைக் கேட்டாலே பதறுகிற பாஷாணம்தான்!

1905-ல் லிவர்பூல் விஞ்ஞானிகள் ஆட்டாக்சில் என்ற ஆர்சனிக் மருந்தைக் கையில் எடுத்தார்கள். எலிகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணி காணாமல் போனது! அதே வருடம் நோபல் பரிசு வாங்கிய ராபர்ட் கோக், மறு வருடம் விக்டோரியா ஏரியின் செசே தீவுகளில் முகாம் போட்டு உட்கார்ந்தார். ஊசி போட்டார். நோய் திரும்பி வந்தது. டோஸைக் கூட்டினார். நோயாளிகளில் சிலருக்குக் கண் பார்வையே போய்விட்டது!

அதே ஆட்டாக்சிலின் வேதி அமைப்பை எல்லோரும் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று 1907-ல் போட்டு உடைத்தார் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக். அமைப்பு தெரிந்துவிட்டதா, இனி இஷ்டம்போல் மாற்றலாம்! அவருடைய ஆய்வுக்கூடத்தில் நூற்றுக்கணக்கில் ஆர்சனிக் சேர்மங்கள் பிறந்தன. ஜப்பானிலிருந்து வந்த சஹாசிரோ ஹட்டா 1909-ல் அவற்றை மறுபடி சோதித்தபோது ஒன்று மட்டும் பளிச்சென்று நின்றது. அதன் எண் 606!

606 எதற்கு மருந்தானது? தூக்க நோய்க்கு அல்ல. உலகத்தையே ஆட்டிவைத்த சிபிலிஸுக்கு! ஈ பரப்பும் நோய்க்குத் தேடிய தேடல், பால்வினை நோய்க்கு முதல் நல்ல மருந்தைத் தந்துவிட்டது!

1920. காங்கோவின் லியோபோல்ட்வில் நகரில் வந்து இறங்கினார் ஒரு பெண் டாக்டர். நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தின் லூயிஸ் பியர்ஸ். வயது 35. கையில் புத்தம்புதிய ஆர்சனிக் மருந்து டிரிப்பர்சமைட். சில நாட்களிலேயே நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ஒட்டுண்ணி மறைந்தது! பெல்ஜியம் அவருக்கு அரச விருது கொடுத்துக் கௌரவித்தது!

அதே டிரிப்பர்சமைட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. கேமரூனின் பாஃபியா பகுதியில் ஒரு டாக்டர் தன்னிஷ்டத்துக்கு டோஸைக் கூட்டினார். பார்வை இழந்தவர்கள் சுமார் 700 பேர்! ஊர் ஊராக நடமாடும் சிகிச்சைக் குழுக்களை அனுப்பி லட்சக்கணக்கானோரைப் பரிசோதித்த யூஜின் ஜாமோ, அந்தக் குழுக்களின் தலைவர் என்பதற்காக 1931-ல் டக்கார் துறைமுகத்தில் கைதானார்! தவறு செய்தவர் கீழே இருந்த டாக்டர், தலை குனிய வைக்கப்பட்டவர் ஜாமோ. இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

சாயத் தொழிற்சாலையில் பிறந்த மருந்துகள்!

துணிக்குப் போடும் சாயம் உயிரைக் காக்குமா? காக்கும் என்று நம்பியவரும் எர்லிக்தான்! 1904-ல் டிரிப்பன் சிவப்பு என்ற சாயத்தால் ஒட்டுண்ணி தொற்றிய சுண்டெலிகளைக் குணப்படுத்திக் காட்டினார். கூட வேலை செய்தவர் கியோஷி ஷிகா. ஆமாம், சீதபேதிக் கிருமியைக் கண்டுபிடித்த அதே ஷிகா!

சிவப்புக்குப் பின் நீலம் வந்தது! டிரிப்பன் நீலம். இதுவும் இதே ஒட்டுண்ணி வேட்டையில் கிடைத்ததுதான். இன்று அது எங்கே இருக்கிறது தெரியுமா? கண்புரை ஆபரேஷன் தியேட்டரில்! லென்ஸ் மேலுள்ள மெல்லிய உறை டாக்டருக்குத் தெளிவாகத் தெரிவதற்காக ஒரு சொட்டு நீலம் விடுகிறார்கள். உங்கள் தாத்தாவின் கண்ணில்கூட அது விடப்பட்டிருக்கலாம்!

நீலச் சாயத்தில் ஒரே ஒரு தொல்லை. ஊசி போட்ட மிருகத்தின் தோலெல்லாம் நீலமாகிவிடும்! அதனால் நிறமில்லாத தம்பியைத் தேடினார்கள் ஜெர்மனியின் பேயர் கம்பெனி வேதியியலாளர்கள். 1916-ல் கிடைத்தது. பெயர் பேயர் 205! பின்னாளில் சூராமின்.

அந்த மருந்தின் சூத்திரத்தைப் பேயர் வெளியிடவே இல்லை! முதல் உலகப் போரில் ஜெர்மனி தன் ஆப்பிரிக்கக் காலனிகளை இழந்திருந்த நேரம். மருந்தின் ரகசியம் வேண்டுமா, காலனிகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஜெர்மனியில் குரல்கள் எழுந்தன! ஒரு மருந்துக்கு விலையாக நாடுகள்!

பிரான்ஸ் சும்மா இருக்குமா? பாரிஸ் பாஸ்டர் நிலையத்தின் எர்னஸ்ட் ஃபூர்னோ உட்கார்ந்து துருவினார். 1924-ல் சூத்திரத்தைக் கண்டுபிடித்து ஊருக்கே சொல்லிவிட்டார்! அத்தோடு பேரம் முடிந்தது!

இந்த மருந்தை வைத்து சினிமாவே எடுத்தார்கள்! 1943-ல் நாஜி ஜெர்மனியில் வந்த 'ஜெர்மனின்'. இயக்கியவர் மேக்ஸ் கிம்மிச். நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸின் மைத்துனர்!

ஒரு தடவை ஊசி போட்டால் அதில் பாதி சூராமின் உடம்பைவிட்டுப் போகவே ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும்! நூறு வயது தாண்டிய பிறகும் இந்த மருந்து ஓய்வு பெறவில்லை!

எய்ட்ஸைக் காட்டிக்கொடுத்த ஊசி!

ஒட்டுண்ணி சர்க்கரையைத் தின்று வாழ்கிறது. அப்படியானால் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மருந்தைக் கொடுத்தால்? 1930-களில் இப்படி யோசித்துத்தான் ஒரு நீரிழிவு மருந்தை எடுத்துச் சோதித்தார்கள். ஒட்டுண்ணி செத்தது. காரணம் மட்டும் வேறு! சர்க்கரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, மருந்து நேரடியாகவே ஒட்டுண்ணியைக் கொன்றிருந்தது! அந்த வழியில் பிறந்ததுதான் பென்டமிடின்.

தப்பான கணக்கு போட்டுச் சரியான விடை!

நோயே வராதவர்களுக்கும் முன்னெச்சரிக்கையாகப் பென்டமிடின் போட்டுத் தள்ளினார்கள் பிரெஞ்சு ஆப்பிரிக்காவில். 1940-களிலும் 50-களிலும் போட்ட ஊசிகள் 1 கோடிக்கும் மேல்! 1954-ல் கிழக்குக் கேமரூனில் ஊசி போட்ட இடம் அழுகி, ஆரோக்கியமாக இருந்த பலர் உயிரிழந்தார்கள்.

இப்போது 1981-க்கு வாருங்கள். அமெரிக்காவின் அட்லாண்டா. அந்நாட்டில் பென்டமிடின் வேண்டுமென்றால் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எப்போதாவது ஒரு கடிதம் வரும். அந்த வருடம் திடீரென்று கோரிக்கை மேல் கோரிக்கை! எல்லாம் ஓர் அபூர்வ நிமோனியாவுக்காக. எல்லாம் இளைஞர்களுக்காக. மருந்து விநியோகத்தைக் கவனித்துவந்த சாண்ட்ரா ஃபோர்டுக்குப் பொறி தட்டியது. மேலதிகாரிக்கு ஒரு குறிப்பு எழுதினார். 1981 ஜூன் 5 அன்று இந்தப் புதிரைப் பற்றி உலகம் முதல் முறையாகப் படித்த அறிக்கையில் இருந்த நோயாளிகள் 5 பேர். நோய்? எய்ட்ஸ்!

சிதறிக் கிடந்த புள்ளிகளை மருந்துக் கணக்கு பார்த்தவர் சேர்த்துப் பார்த்தார். கைதட்டுங்கள்!

ரத்தக் குழாயில் நெருப்பு!

ஒட்டுண்ணி ரத்தத்தில் இருக்கும்வரை சூராமினும் பென்டமிடினும் கேட்கும். மூளைக்குள் நுழைந்துவிட்டால்? இரண்டாலும் அங்கே வேலைக்காகாது! அதற்காக 1949-ல் வந்தது மெலார்சோப்ரால். மறுபடியும் ஆர்சனிக்!

இதைச் செய்தவர் எர்ன்ஸ்ட் ஃபிரீட்ஹைம். என்ன செய்தார் தெரியுமா? லூயிசைட் என்ற விஷவாயுவுக்கு எதிராக பிரிட்டிஷ் ராணுவத்துக்காகத் தயாரான மாற்று மருந்தை எடுத்து, ஆர்சனிக்கோடு கோத்துவிட்டார்! விஷமும் விஷமுறிவும் ஒரே மூலக்கூறில்!

இது கரைந்திருக்கும் திரவம் பிளாஸ்டிக்கையே அரிக்கும். அதனால் கண்ணாடி சிரிஞ்சுதான்! கொதிக்கவைத்த கண்ணாடி சிரிஞ்சு, கையில் நரம்பைத் தேடும் நர்ஸ், படுக்கையைச் சுற்றி நின்று கையையும் காலையும் பிடித்துக்கொள்ளும் உறவினர்கள். ஊசி நரம்பைவிட்டு ஒரு நூல் விலகினாலும் சதை வெந்துவிடும். நரம்புக்குள் நெருப்பு ஓடியதாக நோயாளிகள் சொன்னார்கள்!

100 பேருக்குப் போட்டால் சுமார் 5 பேர் மருந்தாலேயே இறந்தார்கள்! அப்படியும் போட்டார்கள். போடாவிட்டால் நூறு பேருமே பிழைப்பது அரிது!

எவ்வளவு காலம் போட்டார்கள்? தூக்க நோயில் மேற்கு ஆப்பிரிக்க வகை, கிழக்கு ஆப்பிரிக்க வகை என இரண்டு உண்டு. கிழக்கு ஆப்பிரிக்க வகை நோய் மூளைக்கு ஏறிவிட்டால் 2024 வரை இதைவிட்டால் வேறு வழி இருக்கவில்லை. 75 வருடம்!

போகப்போக ஒட்டுண்ணி புத்திசாலியாகிவிட்டது! மெலார்சோப்ரால் அதன் உடம்புக்குள் நுழைய ஒரு வாசல் உண்டு. பென்டமிடினுக்கும் அதே வாசல். ஒட்டுண்ணி அந்த ஒரு வாசலைக் கைவிட்டது. ஒரே அடியில் இரண்டு மருந்தும் அவுட்!

மீசை தந்த மறுவாழ்வு!

இனி வருவதுதான் என் மனசுக்குப் பிடித்த கதை. எஃப்லார்னிதைன்! 1970-களின் கடைசியில் புற்றுநோய்க்காகத் தயாரித்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. மூலையில் போடப்பட்டது.

1980-ல் நியூயார்க்கில் சைரஸ் பாக்கியின் குழு அதைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. டிரிப்பனோசோமா ஒழிந்தது! பிறகு ஆப்பிரிக்காவில் நினைவிழந்து கிடந்தவர்கள் கண்விழித்து எழுந்து உட்கார்ந்தார்கள். செத்தவரை எழுப்பும் மருந்து என்றே பெயர் கிடைத்தது!

1990-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. 1995-ல் தயாரிப்பு நின்றது! காரணம் ரொம்ப எளிது. வாங்க வேண்டியவர்களிடம் பணமில்லை!

கடைசிச் சரக்கும் தீரப்போகிற நேரம். 2000-ல் அதே எஃப்லார்னிதைன் மறுபடி கடைக்கு வந்தது. எதற்கு? பெண்களின் முகத்தில் வளரும் வேண்டாத முடியைக் குறைக்கும் கிரீமாக!

உயிருக்குப் போராடும் காங்கோ விவசாயிக்கு இல்லாத மருந்து மேலுதட்டு முடிக்கு உண்டா? எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு கேட்ட கேள்வியில் உலகமே திரும்பிப் பார்த்தது. 2001-ல் அவெந்திஸ் கம்பெனி உலக சுகாதார நிறுவனத்தோடு கையெழுத்து போட்டது. 5 வருடம், 2.5 கோடி டாலர், மருந்து இலவசம்! கிரீம் வந்திராவிட்டால் இந்தக் கையெழுத்து இவ்வளவு சீக்கிரம் விழுந்திருக்காது என்பது என் கட்சி!

இலவசம்தான், ஆனால் கொடுப்பது லேசா? 6 மணி நேரத்துக்கு ஒரு டிரிப். ராத்திரி 2 மணியோ விடியற்காலையோ தவறக்கூடாது. 14 நாள். மொத்தம் 56 டிரிப்! மின்சாரமே இல்லாத ஆஸ்பத்திரியில்! பாட்டில்கள் வந்ததோ மோட்டார் சைக்கிளிலும் மரத்தோணியிலும்!

2009-ல் ஒரு கூட்டணி! தென் அமெரிக்காவின் சாகஸ் நோய்க்கான நிஃபுர்டிமாக்ஸ் மாத்திரையைக் கூடச் சேர்த்ததும் 56 டிரிப் 14 ஆகக் குறைந்தது! நர்ஸுகள் ராத்திரி தூங்கினார்கள்!

எஃப்லார்னிதைன் கதை இன்னும் முடியவில்லை! 2023 டிசம்பரில் அமெரிக்கா அதற்கு மறுபடி அனுமதி கொடுத்தது. இந்த முறை மாத்திரையாக. குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் திரும்பி வராமல் தடுக்க! புற்றுநோயில் தொடங்கி, ஈ நோய்க்குப் போய், முகத்து முடிக்குப் போய், மறுபடி புற்றுநோய்க்கே வந்து சேர்ந்திருக்கிறது ஒரே மருந்து!

நம் நாட்டிலும் உண்டு சேதி!

டிரிப்பனோசோமா மிருகங்களுக்கு நோய் தரும் என்று முதன்முதலில் காட்டியது ஆப்பிரிக்காவில் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில்! 1880-ல் பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில், குதிரைகளையும் ஒட்டகங்களையும் கொன்ற சர்ரா நோயில் ராணுவக் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவன்ஸ் கண்டுபிடித்தார்!

சர்ரா மனிதனைத் தொடாது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 2004-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு விவசாயிக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். ரத்தத்தைப் பார்த்தால் நீந்துவது சர்ரா ஒட்டுண்ணி! அந்தப் பகுதியில் 1,806 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். வேறு ஒருவரிடம்கூட ஒட்டுண்ணி சிக்கவில்லை!

அவருக்கு மட்டும் ஏன்? நம் எல்லோர் ரத்தத்திலும் அப்போ எல்1 என்றொரு காவல் புரதம் இருக்கிறது. சாதாரண டிரிப்பனோசோமாவை அதுவே கொன்றுவிடும். அவர் ரத்தத்தில் அது இல்லை! குணப்படுத்திய மருந்து எது தெரியுமா? ஒரு காலத்தில் காலனிகளுக்கு விலை பேசப்பட்ட அதே சூராமின்!

மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலரிடம் இந்தப் புரதத்தின் மாறிய வடிவம் உண்டு. அது மனிதனைத் தாக்கும் கிழக்கு ஆப்பிரிக்க வகை ஒட்டுண்ணியையே எதிர்க்கும்! ஆனால் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் அதையே வாங்கிப் பிறந்தவருக்குச் சிறுநீரகம் பழுதாகும் ஆபத்து கூடுகிறது. 2010-ல்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது!

நம்மூர்க் கால்நடை டாக்டரின் பையில் இருக்கும் டிமினசீன் ஊசி, ஆப்பிரிக்க மாடுகளைக் கொல்லும் செட்சி நோய்க்கும் இன்றுவரை போடும் ஊசி! 1955 வாக்கில் வந்த மருந்து. மனிதனுக்குத்தான் புதுசு புதுசாகத் தேடினார்கள், மாடு இன்னும் காத்திருக்கிறது!

தூசி தட்டி எடுத்த மாத்திரை!

1975 முதல் 1999 வரை உலகச் சந்தைக்கு வந்த புது மருந்துகள் 1,393! அவற்றில் வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் சேர்த்தே வெறும் 16!

இந்த அநியாயத்தைப் பார்த்துத்தான் 2003-ல் ஜெனீவாவில் டி.என்.டி.ஐ. என்ற லாபநோக்கற்ற மருந்து அமைப்பு பிறந்தது. எல்லைகளற்ற மருத்துவர்களோடு சேர்ந்து அதை நிறுவியவர்களில் நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஒன்று! பெருமையாக இல்லை?

முதல் வேலையாகப் பழைய சரக்கைக் கிளறினார்கள். 700-க்கும் மேற்பட்ட சேர்மங்கள்! 2005-ல் அதிலிருந்து எழுந்து வந்தது ஃபெக்சினிடசோல். ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் கம்பெனி கண்டுபிடித்து 1980-களில் கைவிட்டது. இருபது வருடம் யாரும் சீந்தாமல் கிடந்தது!

போட்டிக்கு இன்னொரு மாத்திரையும் ஓடியது. பஃபுராமிடின்! ஆப்பிரிக்காவில் கடைசிக் கட்டச் சோதனைவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஆரோக்கியமான தன்னார்வலர்களின் சிறுநீரகம் பாதிக்கப்படுவது தெரிந்தது. 2008-ல் கதை முடிந்தது! ஒரு மருந்து எவ்வளவு தூரம் ஓடி வந்து விழுகிறது பாருங்கள்!

ஃபெக்சினிடசோல் விழவில்லை! டாக்டர் விக்டர் கண்டே தலைமையில் காங்கோவிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் சோதனை. நோய் முற்றிய 394 பேர். பழைய டிரிப் சிகிச்சையில் தேறியவர்கள் 98 சதவீதம். வெறும் மாத்திரையில் தேறியவர்கள் 91 சதவீதம்! நரம்பில் ஊசியே ஏறாமல்!

ஒரு நிபந்தனை. வெறும் வயிற்றில் விழுங்கினால் மருந்து உடம்பில் ஒழுங்காகச் சேராது. வயிறாரச் சாப்பிட வேண்டும்! அதனால் நர்ஸ் முதலில் தட்டைப் பார்ப்பார். சாப்பாடு இறங்கியது உறுதியான பிறகுதான் மாத்திரை கைக்கு வரும். பெரியவர்களுக்கு முதல் 4 நாள் மும்மூன்று, அடுத்த 6 நாள் இரண்டிரண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 24 மாத்திரை!

2018 நவம்பரில் பச்சைக்கொடி காட்டியது ஐரோப்பிய மருந்து முகமை. அந்த நோய் ஐரோப்பாவில் இல்லவே இல்லை! அடுத்த மாதமே காங்கோ அனுமதித்தது. 2021-ல் அமெரிக்காவும்!

மலாவியிலும் உகாண்டாவிலும் கிழக்கு ஆப்பிரிக்க வகைக்கும் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்டது! 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் அதற்கும் இதையே முதல் மருந்தாக அறிவித்தது. ஆர்சனிக் ஊசிக்குப் பதில் மாத்திரை!

முன்பெல்லாம் நோயாளி ஒவ்வொருவருக்கும் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். மூளைக்குப் போய்விட்டதா இல்லையா என்று தெரிந்தால்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். ஃபெக்சினிடசோல் இரண்டு கட்டத்துக்குமே கேட்பதால் பலருக்கு அந்தக் குத்து மிச்சம்! இதற்குப் பயந்தே எத்தனையோ பேர் பரிசோதனைக்கு வராமல் இருந்தார்கள்.

ஒரே வேளை!

10 நாள் மாத்திரையே அதிசயம் என்கிறீர்களா? ஒரே வேளை மருந்துக்கு என்ன சொல்வீர்கள்! பெயர் அகோசிபோரோல். 320 மில்லிகிராம் மாத்திரை மூன்று. ஒரே மூச்சில் விழுங்க வேண்டியது. அவ்வளவுதான் சிகிச்சை!

இதன் நடுவில் உட்கார்ந்திருப்பது போரான் அணு! கலிஃபோர்னியாவின் அனாகார் கம்பெனி போரானை வைத்து மருந்து செய்வதில் கெட்டி. அதே குடும்பத்து அண்ணன் ஒருவர் 2014-லேயே அமெரிக்க மருந்துக்கடைக்கு வந்துவிட்டார். எதற்கு? கால் நகத்தில் வரும் பூஞ்சைக்கு!

காங்கோவிலும் கினியிலும் 208 பேர் விழுங்கினார்கள். 18 மாதம் காத்திருந்து பார்த்தார்கள். நோய் முற்றியவர்களில் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள்! 2022-ல் முடிவு வெளியானபோது இந்தத் துறையில் கிழடுதட்டிய டாக்டர்களே துள்ளினார்கள் என்றால் நம்புவீர்கள்தானே!

56 டிரிப், பிறகு 14 டிரிப், பிறகு 24 மாத்திரை, இப்போது 3 மாத்திரை! மருத்துவ வரலாற்றில் இதற்கு ஈடான இறங்குவரிசையை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்!

இந்த ஒட்டுண்ணி விஞ்ஞானத்துக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறது! மரபணுவிலிருந்து வரும் ஆர்.என்.ஏ. செய்தியை நடுவழியில் திருத்தி எழுதும் வித்தையை 1986-ல் ஆம்ஸ்டர்டாம் விஞ்ஞானிகள் முதன்முதலில் பார்த்தது டிரிப்பனோசோமாவில்தான்!

2020-ல் டோகோ. ஆப்பிரிக்காவிலேயே முதல் நாடாகத் தூக்க நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற பட்டியலிலிருந்து அடித்தது! பின்னாலேயே பெனின், ஐவரி கோஸ்ட், உகாண்டா, கானா... 2024-ல் சாட். 2025 ஜனவரியில் கினி. ஆகஸ்டில் கென்யா. கென்யாவின் வரிசை எண் 10!

நோயாளிகளில் பெரும்பங்கு இன்னமும் ஒரே நாட்டில், காங்கோ ஜனநாயகக் குடியரசில். சாலை முடிந்து ஆறு தொடங்கும் கிராமங்களில். மேற்கு ஆப்பிரிக்க வகை பரவுவதை 2030-க்குள் அடியோடு நிறுத்துவதாக உலக சுகாதார நிறுவனம் நாள் குறித்திருக்கிறது!

1998-ல் பதிவான நோயாளிகள் கிட்டத்தட்ட 40,000. கண்டுபிடிக்கப்படாமலே இருந்தவர்கள் 3 லட்சம் என்று மதிப்பிட்டார்கள். 2018 முதல் ஆப்பிரிக்கா முழுவதிலும் ஆண்டுக்குப் பதிவாவது எவ்வளவு தெரியுமா? 1,000-க்கும் கீழே!